திருப்பித் தரக்கூடாத மீன்

புவனகிரி ரோட்டில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம் வைத்தபோது, மதியச் சாப்பாட்டுக்கு மீன்குழம்பு என்று முடிவு செய்தது நான்தான். சபையிலிருந்து நூறு பேராவது வருவார்கள். பிரியாணி போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றார் என் வீட்டுக்காரர். எல்லார் வீட்டிலும் அதே பிரியாணி, அதே தயிர்ப் பச்சடி, சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் சொல்லும் அதே குறை. எனக்கு அலுத்துப் போயிருந்தது. மீன்தான் என்று பிடிவாதமாக நின்றேன்.

சிதம்பரம் மார்க்கெட்டில் மொத்தமாக வாங்கினால் ஐஸில் கிடந்த பழசைத் தலையில் கட்டிவிடுவார்கள், நேரே கடலூர் முதுநகர் ஹார்பருக்குப் போங்கள் என்று என்னோடு வேலை பார்த்த டீச்சர் சொன்னார். விடிவதற்குள் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் ஏலம் முடிந்துவிடும் என்றும் சொன்னார். அது 2009ஆம் வருடம், மாசி மாதம். சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்து நாற்பத்து மூன்று வயதாகியும் நான் அந்த ஹார்பரைப் பார்த்ததில்லை. கடல் என்றால் வருடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளோடு போய்க் காலை நனைத்துவிட்டு வருகிற இடம், அவ்வளவுதான்.

இதற்கு மேல் போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் சபையில் பெண்கள் பொட்டு வைப்பதில்லை, பூ வைப்பதில்லை, நகை போடுவதில்லை. தாலியும் கிடையாது. நானாக மனம் ஒப்பி ஏற்றுக்கொண்டது, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் ஊராரின் கண்ணைப் பற்றித்தான். கல்யாண வீட்டில் குங்குமத் தட்டோடு வருகிற பெண் என் முன்னால் வந்ததும் ஒரு நொடி தயங்கிவிட்டு அடுத்தவளிடம் நகர்ந்துவிடுவாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் அம்மா பேச்சோடு பேச்சாக, பாவம், எத்தனை வருடமாகிறது என்று கேட்பாள். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஆயா, என்னைக் கூப்பிட வந்த என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு, அண்ணனா டீச்சர் என்று விசாரித்தாள். அவர் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கிற மனுஷனை ஆளாளுக்குக் கொன்று கொன்று எனக்குப் பரிதாபப்பட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

என் தம்பியின் மாருதி வேனை இரவல் வாங்கிக்கொண்டு மூன்றரை மணிக்குக் கிளம்பினோம். நான் வெள்ளையில் சிறிய நீலப் புள்ளி போட்ட வாயில் புடவை கட்டியிருந்தேன். மீன் வாங்கப் போகிற இடத்துக்கு இதைவிட நல்ல புடவை எதற்கு என்று எடுத்துச் சுற்றியதுதான். குடிகாடு பக்கம் வந்தபோது கம்பெனிகளின் கெமிக்கல் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, வீட்டில் இருந்திருக்கலாம் என்று அவர் முணுமுணுத்தார். பிரியாணி என்று அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அங்கேயே சண்டை வந்திருக்கும்.

ஹார்பர் வாசலில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. நான் இறங்கிக்கொண்டேன். வேனை எங்கேயாவது ஓரமாக நிறுத்திவிட்டு, ஐஸும் தெர்மாகோல் பெட்டியும் வாங்கிக்கொண்டு வருவதாக அவர் போனார். அந்த நாற்றத்துக்குள் வர அவருக்குத் துளியும் இஷ்டம் இல்லை, அது எனக்குத் தெரியும்.

மீனைத் தட்டிலும் கூடையிலும் பார்த்தவள் நான். மலை மாதிரி பார்த்ததில்லை. இன்னும் இருட்டு விலகவில்லை. ட்யூப் லைட் வெளிச்சத்தில் தரை முழுக்க மீன். ஐஸ் உடைக்கிற மெஷின் போட்ட சத்தத்தில் என் பக்கத்தில் பேசுகிறவர் குரலே எனக்குக் கேட்கவில்லை. படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசையாக நின்றன. அவற்றிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு சுறாவை வாலில் கயிறு கட்டி என் காலருகே தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். அதன் செவுள் திறந்து திறந்து மூடியது. நான் பின்வாங்கினால் பின்னால் வேறொரு குவியல். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு மீன்கள், நண்டுகள், பெயர் தெரியாத என்னென்னவோ. அதை மண்வெட்டியால் அள்ளி அள்ளி லாரியில் வீசிக்கொண்டிருந்தார்கள். கோழித் தீவனத்துக்குப் போகிறதாம். அதில் பாதிக்கு உயிர் இருந்தது. ஒரு வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டு வந்தவள் நான். செருப்புக்குள் ரத்தத் தண்ணீர் வந்துவிட்டது. ஓடிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் ஒரு கை என் முழங்கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தது. இல்லாவிட்டால் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்த வண்டி என் மேல் ஏறியிருக்கும். இழுத்தவள் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். பச்சைப் புடவை, நெற்றியில் அகலமான குங்குமப் பொட்டு, தலை நிறைய மல்லிகை, கழுத்தில் மஞ்சள் கயிறு. இடுப்பில் ஒரு ஒயர் கூடை, அதில் ஒன்றுமில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொள்ளச் சொன்னாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். சங்கரா என்றேன். எதிரே நின்ற பெரிய படகைக் காட்டி, அது அஞ்சு நாள் கடலில் தங்கி வந்தது, அந்த மீனை வாங்காதீர்கள், இரவு போய்விட்டு இப்போது திரும்புகிற படகுக்குக் காத்திருங்கள் என்று சொல்லித் தந்தாள்.

அவள் என் நெற்றியைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்க்கவில்லை. அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நீ மீன் வாங்கவில்லையா, வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"கடலுக்குப் போயிருக்காருக்கா. வர்ற நேரந்தான்" என்றாள். சொல்லும்போதும் படகுகள் உள்ளே நுழைகிற முகத்துவாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்ன மாதிரியே ஒரு படகு வந்தது. ஏலம் விட்டது ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா. வாயில் வெற்றிலை, இடுப்பில் சுருக்குப்பை, மெஷின் சத்தத்தையும் தாண்டுகிற குரல். அந்தப் பெண் எனக்காகப் பேசி, இரண்டு பெட்டி சங்கரா எடுத்துக் கொடுத்தாள். மீன் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பெட்டிகளுக்குக் காவலாக அங்கேயே நின்றேன். அவளும் கூடையோடு என் பக்கத்தில் நின்றாள். எங்களுக்குப் பின்னால் சுவரோரமாகச் சில பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஏலம் முடிந்ததும் அந்தப் படகில் வந்த ஆள் ஒருவர், தலையில் துண்டு, கையில் கூடை, சுவரோரத்துப் பெண்களிடம் போனார். ஒவ்வொருத்தி பையிலும் ஒரு கை மீன் போட்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. திரும்பி வருகிற வழியில் என்னைப் பார்த்தார். கொஞ்சம் நின்றார். என் துணிப்பைக்குள்ளும் ஒரு கை மீனைப் போட்டார். கானாங்கத்தை, ஐந்தாறு இருக்கும்.

இரண்டு பெட்டி வாங்கியதற்குக் கொசுறு போடுகிறார் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. இருந்தாலும் சும்மா வாங்கக் கூடாதே என்று பர்ஸைத் திறந்தேன். அவர் பதறிக்கொண்டு கையை மறித்தார். ஏலம் விட்ட அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, எனக்குப் புரிய வைக்கிறதாக நினைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"வச்சிக்கம்மா. ஆம்பள இல்லாத வூட்டுக்கு ஒவ்வொரு போட்டும் ஒரு கை மீன் குடுக்கறது எங்க வழக்கம். வெளியூரா இருந்தா என்னா, கஷ்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போது கோபம் கண்ணை மறைத்துவிட்டது. கல்யாண வீட்டுத் தட்டு, பஸ்ஸில் கேட்ட கேள்வி, ஆயா, எல்லாம் சேர்ந்து வந்தது. என் புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார், வெளியே வேனை நிறுத்தப் போயிருக்கிறார், யாரைக் கேட்டு எனக்குப் பிச்சை போடுகிறீர்கள் என்று கத்தினேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற குரல் எனக்கு. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மீன் போட்டவர் முகம் செத்துப் போயிற்று. தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படியானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பையை நீட்டினேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"போட்டது போட்டதுதாம்மா. இந்த மீனத் திருப்பி வாங்குனா படகுக்கு ஆவாது."

அது என்ன நியாயம்? நான் வைத்துக்கொள்ளவும் மாட்டேன், அவர் வாங்கவும் மாட்டார். பக்கத்தில் இந்தப் பெண் நிற்கிறாள், பொட்டும் பூவுமாக, காலிக் கூடையோடு. காலையிலிருந்து எனக்கு உதவி செய்தவள். இவளுக்கென்று ஒரு மீன்கூட யாரும் கொடுக்கவில்லை. இந்தா, புருஷன் இருக்கிற நீயே எடுத்துக்கொள் என்று சொல்லி, என் பையை அவள் கூடைக்குள் கவிழ்த்துவிட்டேன்.

அவள் கூடையை இழுக்கத்தான் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன்.

அந்தப் பெண் கூடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். மீன் போட்டவர் தலையில் இருந்த துண்டை எடுத்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எடுத்தார்கள். சுவரோரத்தில் இருந்த ஒருத்தி எழுந்து, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டில் அழுகிற மாதிரி ஓவென்று குரல் எடுத்தாள். அவளோடு இன்னொருத்தி சேர்ந்தாள். பிறகு மூன்றாவது ஒருத்தி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடலில் யாருக்கோ என்னவோ ஆகி, அந்தச் செய்தி இந்த நொடியில்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். யார் செத்தது என்று ஏலம் விட்ட அம்மாவைக் கேட்டேன்.

"நீதாம்மா இப்ப சாவடிச்ச" என்றாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம்தான் சொன்னாள், என் காதோரமாகக் குனிந்து, அழுகைச் சத்தத்துக்கு நடுவில். ஐப்பசி கடைசியில் நாலு பேர் ஒரு ஃபைபர் படகில் போனார்கள். அன்றைக்கு இரவே காற்று மாறிவிட்டது. ஆளும் வரவில்லை, படகும் வரவில்லை. இவர்களும் போய்த் தேடினார்கள், அதிகாரிகளும் தேடினார்கள். ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. நாற்பது நாள் பார்த்துவிட்டு ஊர் கூடி, இனி காத்திருந்து பயனில்லை என்று முடிவு செய்தது. மூன்று பேரின் பெண்சாதிகள் அழுது தீர்த்துவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்துகொண்டார்கள். அந்த மூன்று பேர்தான் இப்போது அழுகிறவர்கள். நாலாவது ஆளின் பெண்சாதி இந்தப் பெண். இவள் மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். ஆந்திராப் பக்கம் ஒதுங்கியிருப்பார், இல்லாவிட்டால் எந்த நாட்டு ஜெயிலிலாவது இருப்பார், என்றைக்காவது இந்த வழியாகத்தான் வரவேண்டும் என்று சொல்லி, தினம் விடிவதற்கு முன் தலை குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். ஊர் முடிவு செய்த நாளிலிருந்து ஒவ்வொரு படகும் அவளுக்கு மீனை நீட்டிப் பார்த்து ஓய்ந்துவிட்டது. அவள் கூடையைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். அந்த மீன் என்றைக்கு அவள் கூடையில் விழுகிறதோ, அன்றைக்கு அவள் புருஷன் இல்லையென்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அன்று சாயங்காலமே ஊர்ப் பெண்கள் வீட்டுக்குப் போய்க் கயிற்றை எடுத்துவிடுவார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு. இவள் இப்படியே நின்றால் அதுகள் கதி என்ன என்று பெற்ற தாய் இவள் காலில்கூட விழுந்து பார்த்துவிட்டாளாம்.

நான் தெரியாமல் போட்டேன், நான் இந்த ஊரே இல்லை, அது கணக்கில் வராது என்று என்னென்னவோ சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. அழுகிறவர்களில் ஒருத்தி, அவளுக்கு ஓரகத்தி முறையாம், வந்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். இவள் கட்டை மாதிரி நின்றாள். இத்தனை நாளாகத் தாயும் ஊரும் செய்ய முடியாததை, எவளோ ஒருத்தி, நூறு பேருக்குக் குழம்பு வைக்க வந்தவள், ஒரு நொடிக் கோபத்தில் செய்துவிட்டேன். என்னை யார் விதவை என்று சொன்னாலும் சண்டைக்குப் போகிற நான், என் கையாலேயே ஒருத்தியை விதவையாக்கிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். பேண்ட்டை முழங்கால் வரை மடித்து, மூக்கில் கைக்குட்டை கட்டி, தோளில் தெர்மாகோல் பெட்டி. கூட்டத்தையும் என் முகத்தையும் பார்த்தார். இங்கேயும் சண்டையா என்று கேட்டார்.

அந்தப் பெண் தலை நிமிர்ந்தாள். ஓரகத்தியின் கையை விலக்கினாள். என் வீட்டுக்காரரை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அவர் சங்கடப்பட்டுக் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டார்.

"இவரு யாருக்கா?"

"எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

"உங்க வூட்டுக்காரரா? இவரு உசுரோட இருக்கறப்பவே, இல்லன்னு சொல்லி இவுங்க உங்களுக்கு மீன் போட்டாங்களா?"

நான் தலையசைத்தேன்.

"அப்ப இவுங்க சொல்றதெல்லாம் நெஜமாக்கா?"

அழுகை அப்படியே நின்றது. மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். துண்டைக் கையில் வைத்திருந்த ஆண்களும் என்னைத்தான் பார்த்தார்கள். ஏலம் விட்ட அம்மாவின் பிடி இறுகியது. பொய் என்று சொல்லிவிடாதே என்று அவள் கண்ணால் கெஞ்சினாள். அவள் கெஞ்சியது அந்த இரண்டு பிள்ளைகளுக்காக என்பது எனக்குப் புரிந்தது. நிஜம்தான் என்று சொல்லி முடித்துவிடு, இன்றோடு போகட்டும் என்று கேட்கிறாள். எப்படிச் சொல்வது? நிஜம் என்று சொல்ல நான் யார்? கடலுக்குப் போய்ப் பார்த்தேனா? பொய் என்று சொன்னால், இன்னும் எத்தனை விடியற்காலம் இவள் இங்கே வந்து நிற்பாள்? பதினெட்டு வருடம் பிள்ளைகளுக்குச் சரி, தப்பு போட்டவள் நான். ஆண்டவரே என்று மனதுக்குள் கூப்பிட்டேன்.

"என் விஷயத்துல தப்பாச் சொல்லிட்டாங்கம்மா" என்றேன். என் விஷயத்தில் என்பதை அழுத்திச் சொன்னேன்.

"அது போதும்க்கா" என்றாள் அவள்.

கூடையில் இருந்த மீனை அவள் யாருக்கும் திருப்பித் தரவில்லை. புருஷன் இருக்கிறவளுக்கும் விழுகிற மீன்தானே என்பது போல, தன் முந்தானையால் அதை மூடினாள். ஊர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். ஏலம் விட்ட அம்மா என் கையை விட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல், சங்கராவை ஐஸில் அடுக்க ஆரம்பித்தார். அப்போது முகத்துவாரத்தில் ஒரு படகு திரும்பி உள்ளே வந்தது. அந்தப் பெண் தண்ணீர் ஓரத்துக்கு நடந்து போனாள். நன்றாக விடிந்திருந்ததால் படகில் நிற்பவர்களின் முகம் தெரிந்தது. அவள் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக நானும் பார்த்தேன்.